ஸ்ட்ராபெரி திருடனும் ஆர்சனிக் சுரங்கமும்

லண்டன் போய்த் திரும்பிய உறவுக்காரப் பெண் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு வாங்கி வந்தாள். கருநீலப் பரப்பில் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும் குருவிகள். ஒன்றின் அலகில் சிவந்த பழம். சுற்றிலும் ஓர் அங்குலம்கூட வெற்றிடம் விடாமல் இலை, கொடி, பூ. “ரொம்ப ஃபேமஸான டிசைனாம் சித்தப்பா, அங்க எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான்” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். குடை, தேநீர்க் கோப்பை, கைபேசி உறை, திரைச்சீலை, நாட்குறிப்பு என்று அந்தக் குருவிகள் உட்காராத பொருள் இல்லை. வடிவத்தின் உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

அந்தக் குருவிகளுக்கு வயது 140-ஐத் தாண்டிவிட்டது. வில்லியம் மோரிஸ் என்ற ஆங்கிலேயர் 1883 மே மாதம் பதிவுசெய்த பருத்தித் துணி அச்சு அது. அவர் வைத்த பெயர் ‘ஸ்ட்ராபெரி தீஃப்’, ஸ்ட்ராபெரி திருடன். அதே ஆண்டு ஜனவரியில்தான் அவர் ஒரு சோஷலிஸ்ட் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். அட்டையில் தொழில் என்ற இடத்தில் ‘டிசைனர்’ என்று எழுதினார். கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து, படித்துப் படித்தே புத்தகம் கிழிந்துபோக, லண்டன் நூற்கட்டுநர் ஒருவரிடம் கொடுத்துத் தங்க வேலைப்பாட்டோடு தோல் அட்டை போட்டுக்கொண்டார். முதலாளித்துவத்தைப் பிரித்து மேய்ந்த புத்தகத்துக்குத் தங்க ஜரிகை! இந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க இப்படிப்பட்ட காட்சிகள்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கலையைப் பற்றி எழுத நினைப்பவர்கள் டர்னரின் கடலிலிருந்து தொடங்கலாம்; பிரீ-ராஃபேலைட் ஓவியர்களின் செம்பட்டைக் கூந்தல் அழகிகளிலிருந்தும் தொடங்கலாம். நான் இந்தத் துணியின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த நூற்றாண்டு கலைஞர்களைச் சங்கடப்படுத்திய ஒரு கேள்வி இதன் மடிப்பில் இருக்கிறது. கையால் செய்யும் அழகான பொருளுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

தொட்டியில் பச்சை, காற்றில் நீலம்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே, தேம்ஸ் நதி இன்னும் சின்ன ஆறாக ஓடும் இடத்தில் கெல்ம்ஸ்காட் என்ற கிராமம். அங்கே 1871-ல் மோரிஸ் ஒரு பழைய கல் வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டத்து ஸ்ட்ராபெரிப் பாத்திக்கு வலை போட்டிருந்தும் உள்ளே நுழைந்து பழம் தின்ன ஒரு கூட்டம் வரும். நம்மூர்ப் பூங்குருவிகளின் இனத்தைச் சேர்ந்த, மார்பில் புள்ளி போட்ட பாட்டுக்காரப் பறவைகள். தோட்டக்காரருக்கு அவற்றின் கழுத்தைத் திருக வேண்டும் என்று ஆத்திரம். ஒரு பறவையையும் தொடக் கூடாது என்று மோரிஸ் தடுத்துவிட்டதாக அவர் மகள் மே பின்னாளில் எழுதியிருக்கிறார். விடியற்காலையில் எழுந்துபோய் அந்தத் திருட்டை வேடிக்கை பார்ப்பாராம்.

பறவையை வரைந்தது எளிது. துணியில் ஏற்றியதுதான் பாடு. அன்றைக்கு ஆலைச் சாயங்களுக்குப் பஞ்சமில்லை. வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் 1856-ல் தற்செயலாக ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து, தார் எண்ணெயிலிருந்து புதுப்புது நிறங்கள் வந்துகொண்டேயிருந்தன. மோரிஸுக்கு அவை அறவே ஆகாது. முதலில் கண்ணைக் குத்தும், பிறகு வெளுத்து அசிங்கமாகும் என்பார். பழைய சாயங்களைத் தேடி, 1875 முதல் ஸ்டாஃபர்ட்ஷயரில் லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் என்பவரின் சாயப்பட்டறையில் போய் உட்கார்ந்தார். பழைய மூலிகை நூல்களைப் புரட்டினார். முழங்கை வரை நீலமாகத் திரிந்தார். நடுத்தர வயதுக் கனவான் ஒருவர் கையைத் தேய்த்தும் போகாத நீலத்தோடு விருந்துகளுக்குப் போனால் பார்ப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

அவர் பிடிவாதமாக வசப்படுத்த நினைத்தது அவுரி. அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. தொட்டிக்குள் அதைப் புளிக்கவைத்தோ வேறு வழியிலோ ஆக்சிஜனைப் பிரித்தால்தான் கரையும். கரைந்த நிலையில் அது மஞ்சள் கலந்த பச்சை. துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்று பட்டு, கண்முன்னாலேயே பச்சை கறுத்து நீலமாகும். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. பழகிய கண்ணுக்கும் அலுக்காத காட்சி.

மோரிஸ் தேர்ந்தெடுத்தது தலைகீழான முறை. முதலில் துணி முழுவதையும் நீலமாகத் தோய்த்துவிடுவது. அதன் பிறகு வெளுக்கும் மருந்தைப் பசையாகக் குழைத்து அச்சுக்கட்டையில் எடுத்து, வெள்ளை வேண்டிய இடங்களில் ஒற்றி நீலத்தைத் தின்னவைப்பது. மருந்து குறைந்தால் வெளிர்நீலம், கூடினால் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் மேடர் வேரின் சிவப்பு. அது நம் மஞ்சிட்டியின் ஐரோப்பியச் சொந்தம். கடைசியாக வெல்டு என்ற செடியின் மஞ்சள். மஞ்சள் நீலத்தின் மேல் விழுந்த இடமெல்லாம் பச்சை இலையாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசல், உலர்த்தல். மயிரிழை விலகினாலும் குருவியின் கண் கழுத்துக்குப் போய்விடும். ஒரு துணி முடியப் பல நாள் ஆகும். நீலத்தோடு சிவப்பும் மஞ்சளும் இந்த முறையில் கூடிவந்த முதல் துணியே ‘ஸ்ட்ராபெரி தீஃப்’தான். இத்தகைய வேலைகளுக்காகத்தான் அவர் 1881-ல் லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டன் அபி என்ற இடத்தில், வாண்டில் ஆற்றங்கரையில், பழைய துணியச்சுப் பட்டறை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆற்று நீர் மேடர் சாயத்துக்கு ஒத்துவந்தது. நன்றிக்கடனோ என்னவோ, அடுத்தடுத்த துணிகளுக்கு வாண்டில், ஈவன்லோட், கென்னட் என்று தேம்ஸின் துணையாறுகளின் பெயரைச் சூட்டினார்.

இந்த வகைத் துணிக்கு ஆங்கிலத்தில் ‘சின்ட்ஸ்’ என்று பெயர். நம் பாட்டிமார் ‘சீட்டித் துணி’ என்றார்களே, அதே சொல்தான். சரக்கும் இங்கிருந்து போனதுதான். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிகள் ஐரோப்பாவைப் பித்துப்பிடிக்க வைத்தன. துவைத்தாலும் போகாத நிறம் அவர்களுக்கு அதிசயம். படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு பற்றிக்கொள்ளும் சூட்சுமம் நம் சாயக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேரை இந்தக் கரையில் மட்டுமின்றி மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் தோண்டினார்கள். இங்கிலாந்து தன் நெசவாளர்களைக் காக்க 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. குர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-ல் இந்தக் கரையிலிருந்து சாயமிடும் முறையைப் படிப்படியாகக் கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் நுணுக்கம் ஒரு தபாலில் கடல் கடந்தது. ஆகவே மோரிஸ் மெர்ட்டனில் மீட்டெடுத்தது இங்கிலாந்தின் கிராமத்துக் கலை என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும்.

மோரிஸுக்கே இது தெரிந்திருந்தது. 1879-ல் பர்மிங்ஹாமில் பேசியபோது, இந்தியாவின் கைத்தொழில்களை ஆங்கிலேய ஆட்சியும் வியாபாரமும் எப்படி நாசமாக்குகின்றன, சிறைச்சாலைகளில் மலிவுக் கம்பளம் நெய்யவைத்து அரசாங்கமே எப்படி நெசவாளர் வயிற்றில் அடிக்கிறது என்று வெளிப்படையாகச் சாடினார். ஆனால் தன் தொட்டியிலிருந்த நீலத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அன்றைய இங்கிலாந்தின் அவுரியில் பெரும்பங்கு வங்காளத்திலிருந்து வந்தது. 1859-60-ல் அங்கே அவுரி விதைக்க மறுத்து விவசாயிகள் கிளர்ந்தெழுந்த கதை ஊரறிந்தது.

உள்ளே வர மறுத்த பையன்

மோரிஸ் ஏன் இப்படி ஆனார் என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு மாளிகை எழுப்பி, உலகத்துப் பொருள்களையெல்லாம் காட்சிக்கு வைத்தார்கள். குடும்பத்தோடு போன பதினேழு வயது மோரிஸ் உள்ளே வர மறுத்து வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மிகையாகவும் இருக்கலாம். ஆனால் உள்ளே இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அவர் மட்டுமில்லை. இயந்திரம் வந்த பிறகு அலங்காரத்துக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லாமல் போயிருந்தது. செதுக்குவது கஷ்டமாக இருந்த காலத்தில் எங்கே செதுக்குவது என்று யோசித்தார்கள். அச்சில் வார்க்க முடிந்த பிறகு எல்லா இடத்திலும் வார்த்தார்கள். கரி அள்ளும் வாளியில் ரோஜாத் தோட்டம், கம்பளத்தில் நிழல் விழும் ஏரி என்று போனது.

அந்தக் கண்காட்சி மாளிகைக்கு வண்ணம் தீட்டியவர் ஓவன் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். கண்காட்சியிலேயே நிறத்தை அறிந்து கையாண்டவர்கள் இந்தியர்களும் கிழக்கத்தியர்களும்தான் என்று அவருக்குத் தோன்றியது. 1856-ல் அவர் வெளியிட்ட ‘அலங்காரத்தின் இலக்கணம்’ என்ற பெரும் தொகுப்பு, தட்டையான பரப்பில் தட்டையான வடிவமே வர வேண்டும் என்று விதி வகுத்தது. தரையில் பூ இருந்தால் மிதிப்பார்களா, அப்படியானால் கம்பளத்தில் எதற்குப் பூ என்று அந்தக் கூட்டத்தார் கேட்ட கேள்வியைச் சார்லஸ் டிக்கன்ஸ் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் வகுப்பறைக் காட்சியாக்கிக் கிண்டலடித்தார். எனக்கு இந்தச் சண்டையில் இரு பக்கத்தின் மேலும் அனுதாபம் உண்டு. மோரிஸ் பின்னாளில் செய்தது ஒரு சாமர்த்தியமான சமாதானம். அவருடைய இலை இலையாகவே இருக்கும்; ஆனால் சுவரில் ஓட்டை விழுந்து தோட்டம் தெரிவதுபோல் ஏமாற்றாது.

ஓவியராகத்தான் அவர் ஆக நினைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த 1853-ல், பின்னாளில் ஓவியரான எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் நண்பரானார். பிறகு தாந்தே கேப்ரியல் ரொசெட்டி என்ற ஓவியர் இருவரையும் தன் பக்கம் இழுத்தார். 1857-ல் எல்லோருமாகச் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் மண்டபத்தின் சுவர்களில் ஆர்தர் மன்னன் கதையை வரைந்தார்கள். சுவரைப் பதப்படுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுச் செங்கலின் மேல் சுண்ணாம்பு அடித்து அப்படியே தீட்டியதால் கொஞ்ச காலத்திலேயே ஓவியங்கள் மங்கிப்போயின. தொழில் தெரியாமல் கலை வராது என்ற பாடத்தை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்லித்தர முடியாது. மோரிஸ் முடித்த தைல ஓவியம் என்று நிற்பது ஒன்றே ஒன்று. 1858-ல் வரைந்த ‘லா பெல் இஸோல்ட்’. மாடலாக நின்ற ஜேன் பர்டன் குதிரைலாயக்காரரின் மகள். அடுத்த ஆண்டு அவரையே மணந்தார். ஜேனுக்கும் ரொசெட்டிக்கும் பின்னாளில் ஏற்பட்ட நெருக்கம் பல புத்தகங்களுக்குத் தீனி போட்டுவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

புதுமணத் தம்பதிக்காக நண்பர் ஃபிலிப் வெப், கென்ட்டில் செங்கல் தெரியும்படி ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டில் போட நாற்காலி தேடினால் கடையில் பிடித்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை. நாமே செய்துகொள்வோம் என்று ஆரம்பித்ததுதான் 1861-ல் ஏழு பங்காளிகளோடு கம்பெனியாயிற்று. ஆளுக்கு ஒரு பவுண்டு பங்குப் பணம். மோரிஸின் தாயார் கொடுத்த கைமாற்று 100 பவுண்டு. கோயில் ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி, அலமாரி, பூவேலை, ஓடு, வால்பேப்பர் எல்லாம் செய்தார்கள்.

பச்சைக்குள் இருந்தது

முதலில் வரைந்த வால்பேப்பர் ‘டிரெல்லிஸ்’. தோட்டத்து மரச்சட்டத்தில் ரோஜாக்கொடி ஏறும் காட்சி, 1862-ல் வரைந்தது. பறவைகளை வரையத் தன் கை வராது என்று மோரிஸ் வெப்பிடம் கொடுத்து வரையச் சொன்னார். இருபது ஆண்டு கழித்து ஸ்ட்ராபெரித் திருடர்களை அவரே வரைந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் மனிதர் எவ்வளவு தூரம் வந்தார் என்பது விளங்கும். துத்தநாகத் தகட்டில் தாமே அச்சடித்துப் பார்த்துச் சரிவராமல், லண்டன் இஸ்லிங்டனில் இருந்த ஜெஃப்ரி கம்பெனியிடம் கொடுத்தார். பேரிக்காய் மரக் கட்டைகளில் வடிவத்தைச் செதுக்கிக் கையால் ஒற்றினார்கள்.

அந்த இலைகளின் பச்சைதான் வில்லங்கம். அந்தக் காலத்தில் செழிப்பான பச்சை வேண்டுமென்றால் செம்பையும் ஆர்சனிக்கையும் கூட்டிச் செய்த நிறமியை எடுப்பார்கள். பூங்கொத்தில், உடையில், மிட்டாயில், எங்கும் அந்தப் பச்சை. லண்டன் லைம்ஹவுஸில் 1862-ல் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தபோது அறைச் சுவரின் பச்சைக் காகிதத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மருத்துவ இதழ்கள் எச்சரித்தன. ஆனாலும் பிரிட்டனில் ஆர்சனிக் வால்பேப்பரைத் தடைசெய்து சட்டம் வரவே இல்லை. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, ‘ஆர்சனிக் இல்லாதது’ என்று கம்பெனிகள் தாமே விளம்பரம் போட்டுக்கொண்டன. 2003-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, மோரிஸின் ஆரம்பகால வால்பேப்பர்த் துண்டு ஒன்றைச் சோதித்து, பச்சையில் அந்தச் செம்பு-ஆர்சனிக் சேர்மம் இருப்பதை உறுதிப்படுத்தியது.

அன்று எல்லோரும் செய்ததைத்தானே அவரும் செய்தார் என்று கடந்துவிடலாம். ஆனால் மோரிஸுக்கும் ஆர்சனிக்குக்கும் உறவு அவ்வளவு தூரத்து உறவில்லை. அவர் தந்தை லண்டனில் உண்டியல் தரகர். 1844-ல் டெவன் மாவட்டத்தில் டேவிஸ்டாக் அருகே செம்புச் சுரங்கம் தோண்டக் கூட்டப்பட்ட 1,024 பங்குகளில் 272 பங்குகள் மோரிஸ் குடும்பத்துக்கு வந்தன. ஒரு பவுண்டு கட்டிய பங்கு 800 பவுண்டு வரை ஏறியது. தந்தை 1847-ல் காலமானார். ஆனால் சுரங்கம் குடும்பத்தைத் தாங்கியது. 21 வயதில் மோரிஸுக்குத் தன் பங்கிலிருந்து ஆண்டுக்கு 700 பவுண்டுக்குக் குறையாமல் வந்தது. ஒரு நல்ல கைத்தொழிலாளி நூறு பவுண்டு பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம். ஓவியமா, கட்டடக்கலையா, கவிதையா என்று அவர் நிதானமாகத் தேடிப்பார்க்க முடிந்ததே இந்த வரும்படியால்தான்.

டெவன் கிரேட் கான்ஸல்ஸ் என்ற அந்தச் சுரங்கத்தில் செம்பு மெலிந்தபோது, 1860-களின் இறுதியில், கூடவே கிடைத்த ஆர்சனிக்கைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். 1870-களில் உலகத்தின் மிகப்பெரிய ஆர்சனிக் உற்பத்தி மையங்களில் அது ஒன்று. உலைக் கூண்டுகளிலிருந்து வெள்ளைத் தூளைச் சுரண்டி எடுக்கும் ஆட்கள் மூக்கில் பஞ்சை அடைத்து, வாயில் துணி கட்டி, தோலில் களிமண் பூசிக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். 1871 முதல் 1875 வரை அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் மோரிஸ் இருந்தார். விலகிய நாளில், கூட்டத்துக்கென்றே வைத்திருந்த பட்டுத் தொப்பியின் மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டார் என்று நண்பர்கள் சிரித்துச் சொல்வார்கள். விலகியதற்குக் காரணம் மனசாட்சி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். அதற்குள் சுரங்கத்தின் லாபம் வடியத் தொடங்கியிருந்தது. பத்து ஆண்டு கழித்து 1885-ல் சாயக்காரர் வார்டிலுக்கு எழுதிய கடிதத்தில், வால்பேப்பரால் நோய் வருகிறது என்பதெல்லாம் மருத்துவர்களைப் பிடித்த பேய்க்கிறுக்கு என்ற தொனியில் ஒதுக்கித் தள்ளுகிறார். சோஷலிஸ்ட் மேடைகளில் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய கடிதம் அது.

516 மணி நேரம்

சுரங்கத்து வரும்படி மெலிய மெலிய, கம்பெனி தன் காலில் நிற்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1875-ல் பங்காளிகளைக் கழற்றிவிட்டு மோரிஸ் தனி உரிமையாளரானார். ரொசெட்டி உட்பட மூவர் ஆளுக்கு 1,000 பவுண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பவுண்டு போட்டவர்கள்! லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கடை திறந்தது. வியாபாரம் சூடுபிடித்தது.

திரைநெசவு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு 1879-ல் தன் படுக்கையறையில் தறி போட்டார். விடியும் முன் எழுந்து உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் நெய்தோம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். முடிந்தபோது கணக்கு 516 மணி நேரத்தைத் தொட்டது. ஒரே ஒரு திரை. ‘க்ரே’ என்ற துணிக்கு 34 அச்சுக்கட்டைகள் தேவைப்பட்டன. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்காக வரைந்த வால்பேப்பருக்கு 68. அந்த மணி நேரங்களையும் கட்டைகளையும் விலையில் ஏற்றினால் யார் வாங்குவார்கள்? யார்க்ஷயரின் இரும்பு முதலாளி சர் லோதியன் பெல் வாங்கினார். அவருடைய ரௌண்டன் கிரேஞ்ச் மாளிகையை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது மோரிஸ் ஆத்திரத்தோடு முன்னும் பின்னும் நடந்தாராம். என்ன விஷயம் என்று பெல் கேட்க, பணக்காரர்களின் பன்றித்தனமான சொகுசுக்கே என் ஆயுள் கழிகிறது என்ற பொருளில் வெடித்தார் என்பது அன்றிலிருந்து வழங்கிவரும் கதை. ஆர்தர் மன்னனின் புனிதக் கிண்ணத்தைத் தேடும் வீரர்களைப் பர்ன்-ஜோன்ஸ் வரைய, மெர்ட்டனில் நெய்த திரை வரிசையை வாங்கியவர் வில்லியம் நாக்ஸ் டார்ஸி. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் சம்பாதித்து, பிறகு பாரசீக எண்ணெய்க்கு உரிமம் வாங்கியவர்.

மலிவாகவும் செய்தார்கள். கோரைப்புல் பின்னிய ‘சஸ்ஸெக்ஸ்’ நாற்காலி சில ஷில்லிங்குக்குக் கிடைத்தது. எளிமையில் அதை மிஞ்சிய பொருள் கம்பெனியில் எதுவுமில்லை என்பது என் கட்சி. ஆனால் கம்பெனியின் பெயர் அதனால் நிற்கவில்லை.

நீங்களே ஒரு முதலாளிதானே, லாபத்தைப் பிரித்துக் கொடுப்பதுதானே என்று தோழர்களும் எதிரிகளும் கேட்டார்கள். 1884-ல் பர்ன்-ஜோன்ஸின் மனைவி ஜார்ஜியானாவுக்கு எழுதிய கடிதத்தில் மோரிஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தன் செலவுக்கு வாரம் நான்கு பவுண்டு வைத்துக்கொண்டு மீதியைப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 16 பவுண்டு வரும். வாழ்க்கை கொஞ்சம் வசதியாகும். தொழிலாளி தொழிலாளியாகத்தான் இருப்பான் என்று முடித்துக்கொண்டார். மெர்ட்டனில் வெளியிடங்களைவிடக் கூலி நன்றாக இருந்தது. சுற்றிலும் தோட்டமும் ஆறும் இருந்தன. ஆனால் வரைபவர் ஒருவர், ஒற்றுபவர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கும் இருந்தது. கைக்கும் மூளைக்கும் நடுவே சுவர் எழக் கூடாது என்று எழுதியவரின் பட்டறை அது.

அந்தச் சுவரைத் தாண்டியவர்கள் சிலர் உண்டு. ஜான் ஹென்றி டியர்ல் 1878-ல் கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்த பையன். திரைநெசவு பழகி, வரையக் கற்று, மோரிஸுக்குப் பின் கம்பெனியின் கலைப்பொறுப்பையே ஏற்றார். இன்று மோரிஸ் என்று விற்கப்படும் பல வடிவங்கள் டியர்ல் வரைந்தவை. மகள் மே 23 வயதில் பூவேலைப் பிரிவின் தலைவியானார். 1883-ல் வந்த ‘ஹனிசக்கிள்’ வால்பேப்பர் அவருடையது. அதற்கும் வெகுகாலம் அப்பா பெயர்தான்.

அதே ஆண்டு பிறந்த இன்னொருவர்

மோரிஸ் பிறந்த அதே 1834-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர் கிறிஸ்டஃபர் டிரெஸ்ஸர். சுரங்கப் பங்கெல்லாம் இல்லை. 13 வயதில் அரசு டிசைன் பள்ளிக்குப் போனார். தாவரவியல் படித்து ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஓவன் ஜோன்ஸின் ‘இலக்கண’த்தில் இலையும் பூவும் அடுக்கிய ஒரு பக்கம் அவர் வரைந்தது. 1876-77-ல் ஜப்பான் முழுக்கச் சுற்றினார். இயந்திரத்தோடு அவருக்குச் சண்டையே இல்லை. ஆலைகளுக்கு வடிவம் விற்பதுதான் பிழைப்பு. தேநீர்க் குடுவையின் கைப்பிடி எந்த இடத்தில் இருந்தால் ஊற்றும்போது மணிக்கட்டு நோகாது என்று படம் போட்டு விளக்கினார். அவருடைய ரொட்டித் தாங்கி வெறும் கம்பிகளும் உருண்டைகளும்தான். 1880 வாக்கில் வந்த அந்தக் குடுவைகளைப் பார்ப்பவர்கள் ஐம்பது ஆண்டு பிந்தைய ஜெர்மானியச் சரக்கு என்று சத்தியம் செய்வார்கள்.

நேரத்தைக் குறைத்தால் விலை குறையும் என்ற நேர்வழியை டிரெஸ்ஸர் பிடித்தார். ஆனாலும் என் உறவுக்காரப் பெண் வாங்கி வந்தது டிரெஸ்ஸரை இல்லையே! பல நாள் பாடுபட்டு ஒற்றிய துணியின் தோற்றத்தைத்தான் இன்றைய இயந்திரம் சில நொடியில் கக்கி, சாமானியரின் கைக்கு எட்டும் விலையில் கொடுக்கிறது. செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது 1897-ல். மோரிஸ் இறந்தது அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்.

பிராட் கேம்ப்டனில் ஒரு தமிழர்

கடைசி ஐந்தாறு ஆண்டுகள் மோரிஸ் அச்சுப் பித்தில் கழித்தார். 1891-ல் ஹேமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கி, எழுத்துருக்களைத் தானே வரைந்து, கையால் இழுக்கும் ஆல்பியன் அச்சு இயந்திரத்தில் புத்தகம் போட்டார். கவிஞர் சாஸரின் படைப்புகள் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு 1896-ல் முடிந்தன. காகிதத்தில் 425 பிரதிகள், கன்றுத்தோலில் 13. அவர் மறைவுக்குப் பின் 1898-ல் சி.ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் அந்த இயந்திரங்களை வாங்கினார்; சில ஆண்டு கழித்துக் கிழக்கு லண்டன் கைவினைஞர்களோடு காட்ஸ்வோல்ட்ஸ் மலைக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே பக்கத்து ஊரான பிராட் கேம்ப்டனில், ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் குடியேறியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திரன் நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த வழக்கறிஞர், தாய் ஆங்கிலேயர். நிலவியல் படித்து, 1903 முதல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறையை நடத்தியவர். பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது, கண்டிக் கொல்லர்களும் சித்திரக்காரர்களும் தந்தத்தில் செதுக்குபவர்களும் கண்ணில் பட்டார்கள். மனைவி எத்தல் படமெடுக்க, இவர் குறிப்பெடுத்தார். அதுதான் 1908-ல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’. சாஸரை அச்சிட்ட அதே இயந்திரத்தில் கையால் அச்சானது என்று குமாரசுவாமி முன்னுரையில் பெருமையாகக் குறிப்பிடுகிறார்.

அந்தப் புத்தகத்தில் அழகு வேலைப்பாடுகளுக்கு நிகராக அவர் பேசுவது நிலத்தைப் பற்றி. கண்டி ராஜ்யத்தில் கைவினைக் குடும்பத்துக்கு அரசனோ கோயிலோ வயல் மானியம் விட்டிருக்கும். வயல் சோறு போடும். குடும்பம் ஊழியமாகத் தன் வேலையைச் செய்து கொடுக்கும். ஒரு விளக்கை முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 1815-ல் கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1830-களில் அரசுக்கான அந்த ஊழிய முறையும் ஒழிந்தது. சாதியும் கட்டாயமும் கலந்த ஏற்பாடு அது. போனதில் எல்லாம் நஷ்டமில்லை. ஆனால் சோறு போட்ட வயலுக்குப் பதிலாகச் சந்தை வந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த ஆலைச் சாமானோடு அந்தக் கொல்லர் விலையில் மோத வேண்டியதாயிற்று.

பிராட் கேம்ப்டனின் குளிரில் நெம்புகோலை இழுத்து இழுத்து ஒவ்வொரு பக்கமாக அச்சடித்தார்கள். கண்டிக் கொல்லரோ சித்திரக்காரரோ வாங்கக் கூடிய புத்தகமாக அது இருந்திருக்காது. நல்ல காகிதம், நல்ல மை, மாதக்கணக்கில் கூலி. குமாரசுவாமிக்கு அதற்கெல்லாம் வசதி இருந்தது. கொழும்பில் அப்பா விட்டுச்சென்ற சொத்து.